மூன்று கோடு கிழித்த வெள்ளி

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போனில் என்னிடம் பேசிய வேகத்திலேயே அது தெரிந்தது. "அம்மா, உங்களுக்கு வயசாயிருச்சு. பழைய காசுன்னா கீறல் இருக்கத்தான் செய்யும். மாமா கருமாதி இப்பதான் முடிஞ்சுது, அதுக்குள்ள அவரைப் பத்தி இப்படிப் பேசாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். வயதானது உண்மைதான். முட்டி வலிக்கிறது, பசாருக்கு நடந்து போய் வந்தால் மூச்சு வாங்குகிறது. புத்தி மட்டும் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் நான் படித்த படிப்பு இதற்குப் போதும். முழுவதையும் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு, அம்மா புலம்புகிறாள் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லாதே.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீ இந்தக் காசுப் பைத்தியத்தில் விழுந்தாய். நான் தடுக்கவில்லை. சிலர் குடிக்கிறார்கள், சிலர் நான்கு நம்பர் லாட்டரி வாங்குகிறார்கள், என் மகன் காசு சேர்க்கிறான், நல்லதுதானே என்று இருந்தேன். போன தீபாவளிக்கு வந்தபோது கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உலகத்தில் இருக்கிற காசு சேர்ப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம். எந்த தேசம், எந்த ராஜா, எந்த நாணயச்சாலை, எவ்வளவு எடை என்று எழுத வேண்டும். ஸ்பெயின் காசு கப்பலேறி வேறு தேசத்துக்குப் போனால், அங்கே இருப்பவன் 'இது இனி எங்கள் ஊரிலும் செல்லும்' என்று அதன் மேலேயே தன் முத்திரையைக் குத்துவான், அதற்கு எதிர்முத்திரை என்று பெயர் என்றாய். குத்தியவன் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் ருசி என்றும் சொன்னாய். அப்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு உன் மாமா, என் கூடப் பிறந்த ஒரே அண்ணன், போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் அவருடைய காசுப் பெட்டி வேண்டாம் என்றதால் உன்னிடம் வந்தது. நீ ஒவ்வொரு காசாகப் படம் பிடித்துப் பட்டியலில் ஏற்றினாய். அடுத்த மாதம் மலாக்கா பண்டார் ஹிலிரில் உங்கள் ஆட்கள் கூடும்போது, அந்தப் பெட்டிக் காசுகளுக்கு மாமா பேரை வைத்து அறிவிக்கப்போவதாகவும் சொன்னாய். அதற்கும் நான் தலையாட்டினேன். போன வாரம் உன் மகள் இங்கே வந்திருந்தாள். "பாட்டி, அப்பா செஞ்ச வேலையைப் பாருங்க" என்று கம்ப்யூட்டரில் அந்தப் பக்கங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். ஒரு காசில் நிறுத்தச் சொன்னேன். மாலை போட்ட ஸ்பெயின் ராஜாவின் தலை. அந்த ராஜாவின் கழுத்தில் ஒரு சின்ன முட்டை வடிவக் குழிக்குள் இங்கிலாந்து ராஜாவின் குட்டித் தலை. முகத்துக்குக் குறுக்கே மூன்று கோடு. பெரிதாக்கச் சொன்னேன். மேலே இருந்த இரண்டு கோடும் நேராக இருந்தன. மூன்றாவது கோடு பாதியில் வழுக்கி, மூக்கைத் தாண்டி விளிம்பு வரைக்கும் ஓடியிருந்தது. என் கை தானாகப் போய் அந்தக் கண்ணாடியைத் தொட்டது. "என்ன பாட்டி" என்று பிள்ளை பயந்துவிட்டாள்.

நீ கீழே எழுதியிருந்ததை அவளையே படிக்கச் சொன்னேன். முதல் எதிர்முத்திரை, இங்கிலாந்து ராஜா, என்று போட்டிருக்கிறாய். 'இரண்டாவது, மூன்று கோடுகள், இட்டவர் தெரியவில்லை, வெறும் சேதமாகவும் இருக்கலாம்.' வரலாறு என்ற இடத்தில், 'ஜப்பானியர் காலத்தில் என் தாய்மாமன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய காசு.' இதைக் கேட்டுவிட்டுத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ வைத்துவிட்டாய். சரி, இப்போது நான் வைக்க மாட்டேன், கேள்.

அந்தக் காசு என்னுடையது. என் அப்பா இங்கே கடற்கரையோரம் உஜோங் பாசிரில் ஒரு மீன்காரரிடம் வாங்கியது. பின்பக்கம் இரண்டு தூண் இருக்கும், மலாய்க்காரர்கள் அதைப் பீரங்கி என்று நினைத்து மெரியாம் வெள்ளி என்பார்கள். என் கல்யாணத்தில் தாம்பாளத்தில் வைத்து அப்பா எனக்குக் கொடுத்தார். உன் மாமாவுக்கு அப்போதே அதன் மேல் கண். அவர் துரை கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி, என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த மாதிரி வெள்ளியைச் சேர்த்தவர். "அதை அவளுக்கா குடுத்தீங்க" என்று அப்பாவிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அப்பாவுக்கு அதெல்லாம் விளையாட்டு. லாரி ஓட்டுகிற மனுசன். காசைச் சுண்டிப் போட்டுப் பிடித்து, "ரெண்டு ராஜா சேர்ந்தும் இப்ப ஒரு கட்டு கீரை வாங்க முடியல பாரு" என்பார். அது ஜப்பான்காரன் வாழைமரம் போட்ட நோட்டை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம். அரிசிக்கு வரிசையில் நின்று மரவள்ளிக்கிழங்கோடு வீடு திரும்பிய காலம்.

உன் அப்பாவைக் கொண்டுபோனது லாரியோடு சேர்த்துத்தான். மூன்று மாத வேலை, சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், கல் ஏற்ற டிரைவர் வேண்டும் என்றார்கள். போகிற நாளன்று நீ என் வயிற்றில் புரள ஆரம்பித்திருந்தாய். "பையன் பொறக்கறதுக்குள்ள வந்துருவேன், பேரு மட்டும் நான் இல்லாம வெச்சிறாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு என் மாமியார் மஞ்சள் துணியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நம்மில் அது வழக்கம், உனக்கும் தெரியும்: ஆபத்துக் காலத்தில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, அம்மன் படத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஆள் திரும்பி வந்தால் கோயில் உண்டியலுக்கு. அதுவரைக்கும் பட்டினியே கிடந்தாலும் அந்த முடிச்சை யாரும் தொடக்கூடாது. அது சாமி காசு. வாழைமர நோட்டை முடிய எனக்கு மனம் வரவில்லை. இருந்ததிலேயே பெரியதை முடிந்தேன், அந்த வெள்ளியை.

முடிவதற்கு முன்னால் நான் ஒன்று செய்தேன், வழக்கத்தில் இல்லாதது. வீட்டில் பசி இருந்தது. யார் கையாவது தவறி அதை எடுத்து அரிசிக்கு மாற்றிவிடக்கூடாது என்று, பாக்குவெட்டியின் முனையால் ராஜா முகத்தில் குறுக்கே விபூதிப் பட்டை மாதிரி மூன்று கோடு கிழித்தேன். இது சாமிக்குப் போனது என்று பார்த்ததும் தெரிய வேண்டும். இரண்டு கோடு நன்றாக வந்தது. மூன்றாவது கிழிக்கும்போது நீ உதைத்தாய். கை வழுக்கிக் கோடு விளிம்புக்கு ஓடிவிட்டது. நான் சிரித்தேன். அவர் போன பிறகு நான் சிரித்த ஒரே சிரிப்பு அது, அதனால்தான் அந்தக் கோடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உன் மாமா தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். விறகு உடைத்துக் கொடுப்பார், மாமியாருக்குச் சுருட்டு கொண்டுவருவார். காசை முடிந்து வைத்ததைச் சொன்னேன், கோடு கிழித்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணியிருக்கே. அந்த மாதிரி முத்திரை இருக்கறது மலாக்காவுலயே வேற யாருகிட்டயும் கிடையாது. அதைப் போய்க் கீறிட்டியே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். புருசனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு நிற்கிற தங்கை முன்னால் ஒரு கீறலுக்காக அவர் அப்படி உட்கார்ந்ததை நான் அப்போது தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மேல் உள்ள அக்கறை என்று நினைத்தேன். அண்ணன் இல்லையா.

சில நாள் கழித்து, நான் கோயில் பின்பக்கம் கிழங்கு பிடுங்கப் போயிருந்தேன், மாமியாரும் கூட வந்திருந்தார். அண்ணன் வீட்டில் இருந்தார். திரும்பி வந்தால் படம் கவிழ்ந்து கிடக்கிறது, அவர் வாசலில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். "ஜப்பான்காரனுங்க வந்து வீட்டையே பொரட்டிட்டுப் போயிட்டானுங்க. தடுத்தேன், கன்னத்துல அறைஞ்சுட்டான்" என்றார். மஞ்சள் துணி தரையில் கிடந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஈரமாக முடிந்து காய்ந்து இறுகிப்போன முடிச்சு அது, நகத்தால் பொறுமையாக எடுத்தால்தான் வரும். துப்பாக்கி வைத்திருக்கிறவன் உட்கார்ந்து முடிச்சா அவிழ்ப்பான்? துணியோடு பிடுங்கிக்கொண்டு போக மாட்டானா? இது எனக்கு அன்றைக்கே தோன்றியது. பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம், அந்த அக்காவுக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவோம். அவளும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஜெப்புன் தாக் அடா" என்று மெதுவாகச் சொன்னாள். ஜப்பான்காரன் எவனும் வரவில்லை, காலையிலிருந்து வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். நான் அவளை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அயல்வீட்டுக்காரி சொல்லைக் கேட்டு அறை வாங்கிய அண்ணனைச் சந்தேகப்படுவேனா?

இதுவரைக்கும் திருட்டு. திருட்டை நான் மன்னித்துவிடுவேன், மகனே. அந்தப் பசியில் யார் என்ன செய்தார்கள் என்று இப்போது நியாயம் பேச நான் வரவில்லை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. காசு போன அன்றிலிருந்து என் மாமியார் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். நீ பிறந்தாய். போரும் முடிந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, உன் அப்பா பேதியில் போய்விட்டார், ஆற்றங்கரையில் புதைத்தோம் என்றார். என் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்து, தெருவே கேட்கும்படி சொன்னார்: "முடிஞ்ச காசைக் காக்கத் தெரியாதவ. என் பிள்ளையை நீதான்டி கொன்னே."

உன் மாமா பக்கத்தில் நின்றார். உன்னைத் தோளில் வைத்திருந்தார். ஒரு வார்த்தை போதும். "அவ மேல தப்பில்ல, நான்தான் எடுத்தேன்" என்று சொல்ல வேண்டாம், "காசுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்" என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் என் தலையைத் தடவி, "விடு தங்கச்சி, ஜப்பான்காரன் எடுத்ததுக்கு நீ என்ன பண்ணுவே" என்றார். ஆறுதல் சொல்கிற மாதிரி அந்தப் பொய்யை எனக்குள்ளே இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டார். மாமியார் சாகிற வரைக்கும் நான் அந்தப் பேரோடுதான் அவருக்குச் சோறு போட்டேன். அவர் செத்த பிறகும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், முடிச்சைக் காப்பாற்றியிருந்தால் உன் அப்பா வந்திருப்பார் என்று. இந்த வயதில் எனக்குத் தெரியும், ஒரு வெள்ளிக் காசு பேதியை நிறுத்தாது. பத்தொன்பது வயதில் அது தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது என் அண்ணன்.

இன்னும் ஒன்று கேள். காசு காணாமல் போன பிறகு ஒரு நாள் உன் மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் இருந்த பக்கம் வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள், நம் வீட்டில் புதைத்து வைப்பதாகச் சொன்னார். மண்வெட்டி எடுத்துக் கொடுத்தது நான். கோழிக்கூண்டை நகர்த்திக் குழி தோண்டி, பெட்டியை இறக்கி, மேலே கூண்டை வைத்தோம். போர் முடிகிற வரைக்கும் அந்தக் கோழிகளுக்குத் தீனி போட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று காவல் காத்ததும் நான்தான். காலையில் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, காசைத் தொலைத்துவிட்டேன், அவரை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்று அழுவேன். அழுதுவிட்டுப் போய்க் கோழிக்குத் தவிடு வைப்பேன். காசு என் காலடியில் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். எனக்கு வேலிக்குத் தண்ணீரும் ஊற்றுகிற வேலை வாய்த்தது. பெட்டியை வெளியே எடுத்த அன்று, நானும் பார்க்கிறேனே அண்ணே என்றேன். "எல்லாம் கறுத்துப்போயிக் கிடக்கு, பாக்க என்ன இருக்கு" என்று துணியைப் போட்டு மூடிக்கொண்டு போனார்.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பாய். நினை, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உனக்குக் காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார்ந்தாய். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். உன் படிப்பு, உன் வேலை, எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. இத்தனை காலமும் நானும் அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்க்கும்போது, இது அன்பா, பரிகாரமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தவிக்கிறேன். அண்ணன் நினைவைக்கூட அவர் எனக்கு ஒழுங்காக விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருக்கு நான்தானே கஞ்சி ஊட்டினேன். வாயைத் திறந்தாரே, கஞ்சிக்கு மட்டும்தான் திறந்தார். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டுப் போய்விட்டார், போனவரோடு நான் எங்கே போய்ச் சண்டை போடுவது?

போனவரை விடு. நீ இருக்கிறாய். உலகத்துக்கே தெரிகிற மாதிரி எழுதிவைக்கிற வேலையை நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். செத்தவர் சொன்னதை வரலாறு என்று எழுதும் முன், உயிரோடு இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பெட்டி எந்த மண்ணுக்குள் கிடந்தது என்றுகூட நீ கேட்கவில்லை. போனில் நான் சொன்னபோதும் உனக்கு உன் மாமா சொல்தான் பெரிதாகப் பட்டது. அண்ணன் செய்தது ஒரு அடி, நீ போனை அப்படி வைத்தது இன்னொரு அடி. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டு உனக்குச் சிரித்துப் பேச என்னால் ஆகாது.

கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டேன். ஆள் திரும்பி வராத வேண்டுதலுக்கு முடிந்த காசை என்ன செய்வது என்று. அவர், "நடக்காத வேண்டுதலுக்குக் காணிக்கை இல்லம்மா. அது உங்க காசு" என்றார். அதனால் அந்தக் காசை எனக்குக் கொண்டுவந்து கொடு. தபாலில் அனுப்பாதே, நீயே வா. கூட்டத்துக்கு முன்னால் வா. மாமா பேரில் மற்ற காசுகளை என்ன வேண்டுமானாலும் அறிவித்துக்கொள், அதில் நான் தலையிட மாட்டேன். இந்த ஒன்றிலிருந்து அவர் பேரை எடு.

பக்கத்தை அழிக்க வேண்டாம். படமும் இருக்கட்டும். சேதம் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடு. எதிர்முத்திரை இட்டவர் தெரியவில்லை என்று போட்டிருக்கிறாயே, தெரியும் என்று எழுது. இட்டவர் உன் அம்மா. ஊர் மலாக்கா, காஜா பெராங். கருவி பாக்குவெட்டி. மூன்றாவது கோடு ஏன் வழுக்கியது என்று யாராவது கேட்டால், உள்ளேயிருந்து உதைத்தவன் நான்தான் என்று சொல்.

அம்மா